சீட்டம்மாவின் ஏழு மாதம்

எங்கள் டாக்டரம்மாவைப் பற்றி இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். தங்கமானவராம், பொறுமைசாலியாம், முகம் சுளிக்கவே தெரியாதவராம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் ஏழாம் நம்பர் அறையில் அவர் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற நர்ஸ் நான். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேனாவை மூடாமல் வைத்தால் கத்துவார். கையெழுத்து புரியாவிட்டால் கத்துவார். நோயாளியின் புருஷன் நடுவில் வாயைத் திறந்தால் போச்சு, அன்றைக்கு அந்த ஆள் வெளியே பெஞ்சில்தான். இத்தனையும் சேர்த்துத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். செத்துப்போனவர் என்பதற்காக அவரை யாரும் சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்க வேண்டாம்.

மார்பில் கட்டி என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களை முதலில் பார்ப்பது அவர். அறுவை வேண்டுமென்றால் பக்கத்து அறை சர்ஜனுக்கு அனுப்புவார். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் சீட்டம்மா. உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சீட்டு எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கவுன்டரில் பெயர், வயது, நம்பர் எழுதி வாங்கிய சீட்டு இல்லாமல் யார் மேலும் கை வைக்க மாட்டார். ஒரு தடவை சூப்பரின்டெண்டின் மச்சினி நேராக உள்ளே வந்து, "அத்தான் அனுப்பினாரு" என்று உட்கார்ந்தாள். "அத்தான் சீட்டு குடுத்தனுப்பலையா?" என்று கேட்டு வரிசைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். சூப்பரின்டெண்ட் ஒரு மாதம் எள்ளும் கொள்ளுமாக வெடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார்டு ஆயாவின் தங்கையை நடைபாதையில் நிறுத்தி வைத்தே பார்த்து, "அடுத்த வாரம் வா" என்று அனுப்பினாராம். எதையும் எழுதவில்லை. அவள் வரவில்லை, இவரும் மறந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து வந்தபோது, துணியைத் திறக்கும் முன்பே அறை முழுக்க நாற்றம். அன்றைக்கு டாக்டர் ஒரு பெரிய நோட்டு வாங்கினார். ஊசி குத்திப் பரிசோதனைக்கு எடுத்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் நம்பரும் அதில் ஏறிவிட வேண்டும். திங்கள்கிழமைதோறும், திரும்பி வராதவர்களுக்கு நான் போன் போட வேண்டும். வருகிற வரைக்கும் விடக் கூடாது.

நானும் விட்டதில்லை. ஒரு புருஷன்காரன் ஆறு வாரம் "ராங் நம்பர்" என்றே வைத்தான். ஏழாவது வாரம் நான் சொன்னேன்: "ராங் நம்பராவே இருக்கட்டும் சார். உங்க வீட்டம்மாவ மட்டும் நாளைக்குக் காலைல அனுப்பி வைங்க. இல்லன்னா நானே வீட்டுக்கு வந்து உக்காந்துப்பேன்." மறுநாள் அந்தப் பெண் வந்தாள். பிழைத்தும்விட்டாள். இப்போதும் எங்கேயாவது பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

டாக்டர் இளகுவது ஒரே ஒருத்தியிடம்தான். மகள். ஒரே பெண். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் ஒரு பாடத்தில் போய்விட்டது. டாக்டர் பெண் ஃபெயிலா என்று சொந்தக்காரர்கள் விசாரிக்கிற சாக்கில் குத்திக் காட்டினார்கள். அந்தப் பெண் மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று அழுவாளாம். டாக்டர் இதைச் சொன்னபோது பேனாவை மூடாமலே மேசையில் வைத்தார். மறுபடி பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்த பிறகு, தினமும் பதினோரு மணிக்கு நோயாளிகளை நிறுத்திவைத்துவிட்டு வீட்டுக்கு ஒரு போன் செய்வார். "சாப்டியாடா? சரி, படி." அவ்வளவுதான். வைத்ததும் மறுபடி கத்த ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தபோதுதான் அது நடந்தது. கடைசி நோயாளியும் போன பிறகு டாக்டர், "சிஸ்டர், கதவைச் சாத்துங்க" என்றார். ஏதோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"இடது பக்கம் என்னமோ இருக்கு. நேத்து குளிக்கும்போது தட்டுப்பட்டுது."

"எத்தன நாளா டாக்டர்?"

"அதான் சொல்றேனே, நேத்துதான்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தினமும் இருபது பேருக்கு எப்படித் தடவிப் பாக்கணும்னு என் மேலயே வச்சுக் காட்டறேன் இல்ல? அது சும்மா காட்டறது. நிஜமா நான் ஒருநாளும் பாத்துக்கிட்டதே இல்ல."

பக்கத்து அறை சர்ஜனைக் கூப்பிட்டேன். அவர் வயதில் சின்னவர், இவரைக் கண்டால் எழுந்து நிற்பவர். டாக்டர் மேசையில் படுத்ததும் அந்த மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டார். வேறு பெண்ணாக இருந்தால் அக்குள், கழுத்து என்று ஐந்து நிமிடம் பார்ப்பவர். இங்கே அரை நிமிடம்கூட இல்லை. "பெருசா ஒன்னும் இருக்காது மேடம். எதுக்கும் ஊசி குத்திப் பாத்துடலாம்" என்று அவசரமாகக் குத்தி, உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடியே போய்விட்டார். அந்த ஊசி சரியான இடத்துக்குப் போனதா என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனால் நான் யார் சொல்வதற்கு?

பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தேன்.

"எழுதாதீங்க" என்றார் டாக்டர்.

"சீட்டு?"

"எனக்கு எதுக்கு சீட்டு? என் பேரு லேப்புக்குப் போனா மத்தியானத்துக்குள்ள கேன்டீன் வரைக்கும் தம்பட்டம் அடிச்சிடுவாங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா அவ புத்தகத்த மூடி வச்சிடுவா. கைல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

நோட்டை மூடினேன். இதைத்தான் நான் இன்றுவரை நினைத்து நினைத்து வேகிறேன். யார் சீட்டில்லாமல் வந்தாலும் கதவில் மறித்து நிறுத்துகிற நான், அன்றைக்குக் கண்ணாடித் துண்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு லேப்புக்கு நடந்தேன். "நம்ம மேடத்தோடது. பாத்துட்டு நேரா அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்றேன். லேப்காரரும் தலையை ஆட்டினார். நம்பர் இல்லை, பெயர் இல்லை. ஏதோ அவருக்கு நாங்கள் பெரிய மரியாதை செய்துவிட்டதாக சர்ஜன், லேப்காரர், நான், மூவருக்கும் ஒரு நினைப்பு.

நான்கு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. டாக்டர் படித்துவிட்டு மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"என்ன டாக்டர் போட்டிருக்கு?"

"செல் போதல. மறுபடி எடுக்கணுமாம்."

அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் அறையில் கூட்டிப் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். போதவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. மறுநாளே எடுக்க வேண்டும். எத்தனை பெண்களிடம் இவரே மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறார்!

"அப்ப நாளைக்கே எடுத்துடலாம் டாக்டர்."

"அவ பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. கேட்டேன். "ரிசல்ட் வரட்டும் சிஸ்டர். இப்ப வீட்ல ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பொண்ணு தாங்காது." ரிசல்ட் வந்தது. பாஸ். அன்றைக்கு அவர் வார்டு முழுக்க இனிப்பு கொடுத்தார். சூப்பரின்டெண்டுக்கும் கொடுத்தார், ஜென்மத்தில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. மறுநாள் மூன்றாம் தடவையாகக் கேட்டேன். கதவு திறந்திருந்தது, வெளியே நோயாளிகள் இருந்தார்கள், பயிற்சிக்கு வந்த நர்ஸ் பெண்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"அவள காலேஜ்ல சேக்கணும், ஹாஸ்டல் பாக்கணும். என் உடம்ப எனக்குப் பாத்துக்கத் தெரியாதா? நீங்க உங்க லிஸ்ட்ட மட்டும் பாருங்க!"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. சின்னப் பெண்கள் முன்னால். எனக்கும் ரோஷம் இருக்கிறது. சரி, உங்கள் உடம்பு, உங்கள் பாடு, இனி நான் வாயைத் திறந்தால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் கேட்கவே இல்லை. திங்கள்கிழமைதோறும் ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் போன் போட்டு, திட்டு வாங்கி, கெஞ்சி, மிரட்டி இழுத்து வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்கவில்லை. நோட்டில் பெயர் இல்லை, நெஞ்சில் ரோஷம் இருந்தது. ராங் நம்பர்காரனுக்கு ஏழு தடவை. இவருக்கு மூன்று தடவையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏழாவது மாதம் ஒரு நாள், கை கழுவும்போது குனிந்தவர் நிமிரவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதுகு வலி என்றார். நான் பின்னால் போய்ப் பிடித்தேன். என் கை அவர் அக்குளுக்குள் போனது. அங்கே கோலிக்குண்டுபோல் மூன்று. அவர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"தெரியும் சிஸ்டர்" என்றார். "ரெண்டு வாரமா தெரியும். அவள ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தப்புறம்தான் கை வச்சுப் பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அடித்திருப்பேன். "நீங்கல்லாம் ஒரு டாக்டரா?" என்று கத்தினேன். அந்த அறையில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனார். அங்கே இருந்த பெண் எழுந்து நின்று, "சொல்லுங்க மேடம், யாருக்கு?" என்றாள். "எனக்குத்தான். வயசு அம்பத்தொன்னு" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் இருந்த கிழவி, "என்ன டாக்டரம்மா, எங்ககூட உக்காந்துட்டீங்க?" என்றாள்.

"வரிசைல இருக்கேன்மா."

"ஐயோ, அப்ப எங்கள யாரு பாப்பாங்க?" என்று அவள் தன் கவலையைச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். நான் உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை சர்ஜன் ஒழுங்காகப் பார்த்தார். அக்குள், கழுத்து எல்லாம் பார்த்தார். சதைத் துண்டு எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மேசையில் மேல்சட்டை இல்லாமல் படுத்திருந்தபோது டாக்டர் பல் கிடுகிடுக்க, "இந்த மேசை இவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு ஏன் யாரும் சொல்லல?" என்றார்.

"எல்லாரும் சொன்னாங்க டாக்டர். நீங்கதான் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்னு வாய அடச்சிடுவீங்க."

"அப்படியா செஞ்சேன்?" என்றார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரின் கணவரும் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிர்ந்து பேசாத மனுஷர். சர்ஜன் படங்கள் இருந்த கவரை மேசையில் வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். "மேடம்... நீங்களே பாத்துடுங்களேன்" என்று நகர்த்தினார். மற்ற பெண்களுக்கு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொல்வோம். அவருக்குச் சொல்ல மட்டும் அந்த அறையில் ஓர் ஆள் இல்லை. டாக்டரே படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். கணவர் பக்கம் திரும்பி, தினமும் நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"இது முதுகெலும்பு. இங்க, இங்க, இங்க கறுப்பா இருக்கு பாருங்க, அங்கெல்லாம் பரவியிருக்கு. இது ஈரல். இதுல நாலு இடம். எடுத்துப் போடற கட்டத்த தாண்டிடுச்சு. மருந்து குடுத்தா கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம். குணமாகாது."

வாத்தியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இது யாரோட படம்?" என்று கேட்டார்.

"என்னோடது."

"இல்லம்மா, யாரோடதுன்னு கேட்டேன்."

"என்னோடதுதாங்க" என்றார் டாக்டர். அப்போதுதான் குரல் உடைந்தது. சர்ஜன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அவரைப்போல் மோசமான நோயாளியை நான் பார்த்ததில்லை. சொட்டு வேகத்தைத் தானே திருகி மாற்றுவார். கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டை எடுத்து, வார்டில் பயிற்சிக்கு இருந்த சின்ன டாக்டரின் எழுத்தைத் திருத்துவார். முடி கொட்டியதும், "சீவற நேரம் மிச்சம்" என்றார். அடுத்த நிமிடமே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வாய் முழுக்கப் புண். தண்ணீர் விழுங்கினால் கண்ணில் நீர் வரும். வலி வரும்போது வாய்க்கு வந்தபடி திட்டுவார், சர்ஜனை, என்னை, மருந்துக் கம்பெனிக்காரனை, எல்லாரையும்.

ஒரு நாள் மத்தியானம் வார்டு ஓய்ந்திருந்தது. ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றதை நான் கேட்டேன்.

"டாக்டர், அன்னிக்கே மறுபடி எடுத்திருந்தா?"

விஷயம் தெரிந்தவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். எப்படியும் இதுதான் ஆகியிருக்கும் சிஸ்டர், விதி சிஸ்டர் என்று. எல்லாம் வாய் வார்த்தை. உண்மை சொல்கிற ஒரே ஆள் இவர்தான்.

அவர் என்னைப் பார்த்தார். "பொய் சொல்லட்டுமா, நிஜம் சொல்லட்டுமா?"

"நிஜம்."

"அன்னிக்கு கட்டி சுண்டக்காய் அளவுதான். எடுத்துப் போட்டிருக்கலாம். பொழச்சிருப்பேன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வாய்ப்பு நல்லாவே இருந்துது."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் மணிக்கட்டைத் தொட்டார்.

"தப்பு என்னோடது. மூணு தடவ கேட்டீங்க. நாலாவது தடவ கேட்டிருந்தாலும் கத்தியிருப்பேன். அத விடுங்க. இப்ப எனக்கு ஒரு பயம்தான். என்னிக்காவது அவ கணக்குப் போடுவா. ஏன் அம்மா ஏழு மாசம் சும்மா இருந்தான்னு கேப்பா. பரீட்சைக்காகன்னு தெரிஞ்சா..." நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "ஒரு பாடத்துல ஃபெயிலானதுக்கே சுவத்துல முட்டிக்கிட்டவ அவ. இதுக்கு என்ன பண்ணுவான்னு என்னால நெனச்சுப் பாக்க முடியல. நான் சாகறது ஆகட்டும். அவ தன்னாலதான் அம்மா செத்தான்னு நெனைக்கக் கூடாது. எனக்கு நேரமே கெடைக்கலன்னு சொல்லிடுங்க. அவங்க அப்பாகிட்டயும் சொல்லியிருக்கேன்."

"சரி டாக்டர்" என்றேன். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பொய் சொல்லச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண் கணக்குப் போட இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காலேஜிலிருந்து வந்து அம்மா பக்கத்திலேயே இருந்தாள். ஒரு நாள் மதியம் டாக்டர் கண் மூடிக் கிடந்தார். நான் மருந்துத் தட்டோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கேஸ் ஷீட் அவள் கையில். முதல் பக்கத்தில் சின்ன டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதியதெல்லாம் இருந்தது. கட்டி முதலில் தெரிந்த தேதி. ஊசி குத்திய தேதி. செல் போதவில்லை, மறுபரிசோதனை தேவை. செய்யப்படவில்லை. டாக்டர் எதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். தன் கேஸ் ஷீட்டில் பொய் எழுத அவருக்கு மனசு வரவில்லை.

"சிஸ்டர் ஆன்ட்டி, இங்க வாங்க." திரைக்கு வெளியே என்னை இழுத்துக்கொண்டு போனாள். முகம் வெளுத்திருந்தது. "இந்தத் தேதிக்கு அப்புறம் ஆறு வாரத்துல எனக்குப் பரீட்சை."

"எந்தத் தேதிடா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னு அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிஞ்சே எடுக்காம இருந்தாங்களா? என் பரீட்சைக்காகவா?"

நேரம் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அது நிற்காது என்று தெரிந்துவிட்டது. ஏழு மாதம் அம்மாவுக்கு ஏன் நேரம் இல்லை என்றுதான் அடுத்த கேள்வி வரும். அது சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நிற்கும். ஏற்கெனவே அவள் கை பின்னால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

"உங்கம்மாவுக்குத் தெரியாது" என்றேன்.

"பொய்."

"தெரியாதுடா. ரிசல்ட் பேப்பர் என் கைலதான் வந்துது. நான்தான் அவங்ககிட்ட குடுக்கணும். கூட்டத்துல எங்கயோ வச்சுட்டு மறந்துட்டேன். அவங்க கேட்டப்ப ஒன்னும் இல்லையாம் டாக்டர்னு நானா சொல்லிட்டேன். மறுபடி எடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே ஆச்சரியம், எவ்வளவு சரளமாக வருகிறது என்று. பாதியைத்தான் இட்டுக்கட்ட வேண்டியிருந்தது. மீதிக்கு என் தப்பு தயாராக இருந்தது.

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"மறந்துட்டீங்களா?"

"ஆமா."

"எங்கம்மாவோட பேப்பர மறந்துட்டீங்களா? பத்தொம்பது வருஷம் கூட இருந்துட்டு?" அவள் குரல் ஏறியது. வார்டில் எல்லாத் தலையும் திரும்பியது. "நீங்கதான் கொன்னீங்க. நீங்கதான்!"

தட்டிலிருந்த மருந்துகளைத் தட்டிவிட்டாள். அவை தரையெங்கும் உருண்டன. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

மறுநாள் காலை ஊசி போடப் போனபோது டாக்டர் விழித்திருந்தார். பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது. என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நேத்து நீங்க சொன்னது காதுல விழுந்துது. அது தப்பான தகவல் சிஸ்டர்."

"தெரியும் டாக்டர்."

கேஸ் ஷீட்டில் ஒரு தேதி தப்பினாலும் கூப்பிட்டு வைத்துக் கிழிக்கிறவர். "இருக்கட்டும்" என்றார். அழுதார். நான் ஊசியைப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் சூப்பரின்டெண்டிடம் எழுதிக் கொடுத்தாள். விசாரணை வைத்தார்கள். லேப்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று பேப்பரை டாக்டர் கையிலேயே கொடுத்தவர் அவர். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். "மறந்தது உண்மையா?" என்றார் சூப்பரின்டெண்ட். உண்மை என்று கையெழுத்துப் போட்டேன். ஏழாம் நம்பர் அறையிலிருந்து என்னை எடுத்து, போர்வை, துணி வைக்கும் அறைக்குப் போட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். போர்வை எண்ண நர்ஸ் படிப்பு தேவையில்லை, ஆனால் வேலை வேலைதானே.

அதிலிருந்து நாற்பது நாளில் டாக்டர் போய்விட்டார். காலையில் செய்தி வந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூட்டம். பழைய நோயாளிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், அந்த ராங் நம்பர்காரனின் மனைவிகூட வந்திருந்தாள். கேட்டைத் தாண்டப் போனபோது அந்தப் பெண் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. கத்தவில்லை.

"யாரு வேணா வரட்டும். நீங்க வராதீங்க."

எல்லாரும் பார்த்தார்கள். நான் போகவில்லை. வெளியே மதில் ஓரமாக வெயிலில் நின்றேன். உள்ளே அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று மனசு அடித்துக்கொண்டது. அழுகை நிற்கவில்லை. தெரிந்தவர்கள்கூடத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாத்தியார் வெளியே வந்தார். என் பக்கத்தில் வந்து, தெருவைப் பார்த்தபடி மதிலில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர். அவ சொல்லிட்டுத்தான் போயிருக்கா." கைக்குட்டையை எடுத்தார். "இது ரொம்ப அநியாயம். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும், கொஞ்சம் பெரியவளாகட்டும். பொண்ணுகிட்ட நான் பக்குவமா உண்மையச் சொல்லிடறேன்."

"சொன்னீங்கன்னா பாருங்க!" என்று சீறினேன். சாவு வீட்டு வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. "என்னத் திட்டட்டும் சார். எத்தன வருஷம் வேணா திட்டட்டும். நான் தாங்கிப்பேன். தன்னையே திட்டிக்க ஆரம்பிச்சான்னா, போதும்னு நிறுத்த இனிமே அவ அம்மா இல்ல."

அவர் முகத்தைக் கைக்குட்டையில் மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து அந்தப் பெண், "அப்பா, அவங்ககூட என்ன பேச்சு? உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். "போங்க சார்" என்றேன். அவர் போனார்.